பதினாறரை மில்லிமீட்டர்

ஹவுராவில் ரயில் பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர் நான். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர் என்பது என் கல்யாண நாளைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கும். அப்படிப்பட்டவன் ஒரு மேஜை ரயிலில் தடம் புரண்டேன். சிரித்துச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் சிரிப்பு வரவில்லை.

கொல்கத்தா ஜாதவ்பூரில் எங்கள் எதிர் ஃபிளாட்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இந்த ஊர் வழக்கப்படி தாதா என்று கூப்பிடுவேன்; அண்ணன் என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். ஜெர்மனியிலிருக்கும் மகள் வாங்கித்தந்த குட்டி ரயிலுக்காக, ஹாலையே அடைத்து மேஜை போட்டு, ஆறு மாதமாகப் பாதை அமைத்துக்கொண்டிருந்தார். பொடிக்கல்லைச் சலித்துப் பரப்பி, சொட்டுச் சொட்டாகப் பசை விட்டு ஒட்டுவார். சரஸ்வதி பூஜையன்று குடியிருப்பில் எல்லோருக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"மோஷாய், நீங்க ரயில்வேக்காரர். ஸ்டேஷன நீங்கதான் செஞ்சு தரணும்" என்றார். மோஷாய் என்றால் ஐயா.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவருடைய பாதையை அளந்தேன். உள்விளிம்புக்கு உள்விளிம்பு பதினாறரை மில்லிமீட்டர். நம் பாதையின் அகலத்தை அதால் வகுத்தேன். ஆக, நிஜத்தில் நூற்றிரண்டில் ஒரு பங்கு. அதே கணக்கில் பிளாட்பாரத்தையும் ஸ்டேஷனையும் அட்டையில் வெட்டினேன். தாதா ரயில் வந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல எண்பத்தேழுல ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"பொம்மை விக்கிறவனுக்கு என்ன தெரியும் தாதா!"

ஒத்திகையில் ரயில் அழகாக வந்தது. வளைவில் இருந்த என் பிளாட்பாரத்தில் உரசி, சாய்ந்து, விழுந்தது. ஸ்டேஷன் வாசல் பெட்டியின் ஜன்னலுக்குக்கூட எட்டவில்லை. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"வளைவு சரியில்ல தாதா. லைன் பிளாட்பாரம் பக்கமா விலகியிருக்கு. எங்காளு இப்படிப் போட்டிருந்தா மெமோ குடுத்திருப்பேன்."

மறுநாள் போனபோது அந்த வளைவு முழுவதையும் கத்தியால் பெயர்த்து எடுத்திருந்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு போல" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை ஒரு வெற்றிக்கதையாக மனைவியிடம் சொன்னேன். அவள் ரசம் ஊற்றியபடியே கேட்டாள்: "ஏங்க, அது ஜெர்மனி ரயில்தானே? அங்கயும் நம்ம ஊரு அகலம்தானா?"

இல்லை. அங்கே ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து. பதினாறரையால் வகுத்தால் எண்பத்தேழு. டப்பாவில் போட்டிருந்தது சரி. அவருடைய பாதையும் சரி. சின்னக் கணக்கில் வெட்டியதால் என் பிளாட்பாரம்தான் பாதையை ஒட்டி நின்று ரயிலை உரசியது. தப்பு என் அட்டை ஸ்டேஷனிலும் அதைக் கட்டிய மண்டையிலும்தான்.

உடனே போய்ச் சொன்னேனா? இரண்டு நாள் தாதாவின் கண்ணில் படாமல், லிஃப்டை விட்டுவிட்டு நாலு மாடியும் படியேறினேன். மூட்டுவலிதான் கடைசியில் என்னை நேர்மையானவனாக்கியது.

தாதா மேஜைமேல் குனிந்து, புதுப் பாதையை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"அப்போ என் லைன் சரியாத்தான் இருந்துதா?"

"சரியா இருந்துது தாதா."

"வளைவு?"

"வளைவும்."

சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இத இவகிட்டயும் சொல்லுங்க. என் கை போயிடுச்சு, இனிமே இதெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தேன்."

எனக்குத் தெரிந்த வங்காளத்தில் மறுபடி சொன்னேன். நடுவில் சொல்ல ஒரு ஜோக் வைத்திருந்தேன். அது வெளியே வரவில்லை. அந்த அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை. தாதாவின் கையைத் தன் கையில் எடுத்து, விரல்களில் காய்ந்திருந்த பசையை நகத்தால் மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன்.