மஞ்சள் நூலை வெட்டிய நாள்

புதுக்கோட்டையில் நான் படித்த கல்லூரியில், ஆங்கிலத் துறை விழாவுக்கு ரோமானியர்களின் விதி தேவதைகளை நாடகமாகப் போட்டோம். மொத்தம் மூன்று பேர். மனுசருடைய ஆயுள் நூலை நோனா நூற்பாள், டெசிமா அளப்பாள், மோர்ட்டா வெட்டுவாள். நோனா ஒன்பதாம் மாதத்துக்காரி, டெசிமா பத்தாம் மாதத்துக்காரி. பிள்ளைப்பேறுக் கணக்கு ரோமாபுரியிலும் நம்மூர்க் கணக்குதான். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம் என்று மோர்ட்டா வேஷத்தை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் அதில்தான் கொள்ளை ஆசை.

முந்தின நாள் நூல்கண்டு வெள்ளைவெளேரென்று வந்தது. சாமி கையில் வெறும் நூலா என்று மூன்று தேவதைகளும் சேர்ந்து அதை மஞ்சளில் முக்கிக் காயப்போட்டோம். மூன்று மரமண்டைகளுக்கும் வேறெதுவும் உறைக்கவில்லை.

அப்போது எனக்குப் பொன்னமராவதியில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். போனில் நாலைந்து முறை பேசியதிலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக இருந்தார். விழாவன்றே வந்து, என் அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒட்டுமீசையோடு ராஜாவாகப் படுத்திருந்த தோழியின் மேல் நூலை நீட்டிப் பிடித்தார்கள். நான் கத்தரிக்கோலைத் திறந்தேன். கூட்டம் மொத்தமும் ஐயையோ என்றது. அப்போதுதான் பார்த்தேன், அது அச்சு அசல் தாலிக்கயிறு. வேண்டாமென்று அம்மா தலையை ஆட்டுகிறாள். எப்போதுதான் சாவது என்று ராஜா ஒற்றைக் கண்ணைத் திறந்து முறைக்கிறாள். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் அத்தனை நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்த ரோஷம் விடவில்லை. நறுக்கென்று வெட்டிவிட்டேன்.

நாடகம் முடிந்து கீழே வந்தால், அம்மா பேயறைந்த மாதிரி நிற்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவர் பிரசவ வார்டில் நர்ஸ்.

"மொதத் தடவ தொப்புள்கொடி வெட்டயில எனக்குக் கை நடுங்கிப்போச்சு, டாக்டரம்மா வஞ்சாங்க. ஒனக்கு நடுங்கலையே ஆத்தா," என்றார். மகன் ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுவானாம். வீட்டில் தைரியமாக இன்னொரு ஆள் வேண்டாமா என்று என் அம்மாவிடம் கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கயித்த நாங்க கொண்டாரோம். அத மட்டும் வெட்டிப்புடாத."