குருசடி முன்னால் நின்ற பிக்கப்

முதலில் ஒரு விடுகதை. அதற்குக் கால் கிடையாது, ஆனால் எப்போதும் ஒரு காலுக்காகக் காத்திருக்கும். அது ஓடாது, ஆனால் ஓடுகிற எதையும் அடக்கும். நன்றாக இருக்கும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. கெட்டுப்போன அன்றோ வேறு எதையும் நினைக்க நேரம் இருப்பதில்லை. அது என்ன?

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்நேரம் விடை சொல்லியிருப்பீர்கள். பிரேக்தான். வலது காலைத் தரையோடு அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, முன்னால் போகும் மினிபஸ்ஸின் முதுகு நெருங்கி வருவதைப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தூத்துக்குடியில் பிரேக் வேலை செய்கிறவனுக்கு ஓய்வே கிடையாது. இங்கே காற்றில் உப்பு இருக்கிறது, அந்த உப்பு இரும்பைத் தேடிக்கொண்டே இருக்கிறது. என் பட்டறைக்கு எத்தனையோ வண்டிகள் வந்து போயின. இங்கே ஒரே ஒரு பிக்கப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வண்டி வந்தது

தருவைகுளத்து ரொசாலி அந்த நீல நிற பிக்கப்பை ஒரு லாரியின் பின்னால் கட்டி இழுத்து வந்தாள். உருண்டை விளக்கு, வளைந்த முகப்பு, மரப்பலகைத் தொட்டி. கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் வாடகைக்குக் கேட்கிற மாதிரியான பழைய வண்டி. ஆனால் ரொசாலியின் கணவன் மிக்கேல் அதில் ஐஸும் மீனும்தான் ஏற்றினான். போன வருஷம் படகு ஏற்றும் சரிவில் அதைப் பின்பக்கமாக இறக்கியபோது பிரேக் பிடிக்கவில்லை. வண்டியோடு கடலுக்குள் போய்விட்டான். வண்டியைக் கயிறு போட்டு வெளியே எடுத்தார்கள். மிக்கேலுக்கு உயிர் இல்லை.

"முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டால் தண்ணீரிலும் பிடிக்கும்" என்று நான் சொன்னேன். ரொசாலி வண்டியைத் தொடாமலே நின்றாள். மீனை ஏலத்துக்கு அவளேதான் கொண்டுபோயாக வேண்டும். வண்டி இருந்தால் அவள் பிழைப்பு நடக்கும். ஆனால் முடிவு அவள் கையில் இல்லை.

"போட்டுக் குடுங்க அண்ணாச்சி. ஆனா வச்சிக்கிடவா விக்கவான்னு எம் மவதான் சொல்லணும். அவ இதுல ஏற மாட்டேங்கா. பிள்ள அழுதுக்கிட்டு வார வண்டி எனக்கு எதுக்கு?"

கிண்ணமும் தட்டும்

டிரம் பிரேக் என்பது மூடிய கிண்ணம் மாதிரி. உள்ளே தண்ணீர் புகுந்தால் சீக்கிரம் வெளியே போகாது. உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் நனைந்தால் வழுக்கும். டிஸ்க் என்பது திறந்த தட்டு. சுழலும்போது தண்ணீரை உதறிவிடும். மிக்கேல் தினமும் சக்கரம் நனைய நனைய இறக்கிய வண்டி அது. கிண்ணம் ஒரு நாள் நிறைந்துவிட்டது.

என் கூட்டாளி இசக்கி முன் சக்கரத்து டிரம்மைத் தட்டிக் கழற்றினான். துரு கொட்டும் என்று நினைத்தேன். ஈர மணல் விழுந்தது. அதோடு சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சங்கு. அன்று காலை கரையில் இருந்து அள்ளியது போல வாடை அடித்தது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் காயாமல் இருந்திருக்கும் என்று இசக்கிக்கு விளக்கினேன். அவன் அந்தச் சங்கை எடுக்காமல் தரையிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

"ஒரு வருசமா ஷெட்டுல நின்ன வண்டியாண்ணே இது? இப்பத்தான் கரைக்கு ஏறுன மாதிரில்லா இருக்கு."

சூசை எட்டிப் பார்த்தார்

சூசை சங்கு குளிக்கிறவர். மிக்கேலைக் கடலுக்குள் இறங்கி வெளியே கொண்டுவந்தவரும் அவர்தான். வண்டி என் பட்டறையில் நிற்பதைக் கேள்விப்பட்டுப் பைக்கில் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றினார். ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்ததும் குனிந்து, உள்ளே, கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

"கையப் புடிச்சி இழுத்தேன், வரல. என்னத்துலயோ மாட்டிக்கிட்டாம்போலன்னு குனிஞ்சு பாத்தா, கால் இந்த மிதி மேலயே இருக்கு. நான்தான் எடுத்து விட்டேன் அண்ணாச்சி."

மிதி

ரொசாலியின் மகள் ஜெசி ஐந்தாம் வகுப்பு. பள்ளிச் சீருடையோடு அம்மாவுடன் வந்தாள். கேட்டுக்கு உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று பையின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் மேஜையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது டிஸ்க். இது அதை இரண்டு பக்கமும் கவ்வும் காலிப்பர். இதற்குப் பூஸ்டர் கிடையாது. எஞ்சின் உதவி செய்யாது. மிதிக்கிற காலின் பலம்தான் அப்படியே சக்கரத்துக்குப் போகும். இது புது மிதி, கூடவே மிதித்ததும் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளுகிற புது மாஸ்டர் சிலிண்டர்.

புது மிதியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. முதல் முறையாகக் கேட்டைத் தாண்டி வந்து, வண்டிக்கு ஓர் அடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தாள். பழைய மிதியின் ரப்பர் வலது ஓரத்தில் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மிக்கேல் காலைச் சற்றுச் சாய்த்து மிதிப்பான் போலிருக்கிறது. அந்த மிதியும், தரைக்கு அடியில் அதோடு சேர்ந்த சிலிண்டரும் ஒரே ஜோடி. சிலிண்டரைக் கழுவி, ரப்பர்களை மாற்றி, இரண்டையும் திரும்பப் போடலாம் என்று ஒத்துக்கொண்டேன். ஒரு குழந்தை அப்படிக் கேட்டால் நீங்களும் ஒத்துக்கொண்டிருப்பீர்கள்.

"வேற எத வேணும்னாலும் மாத்துங்க மாமா. மிதிய மட்டும் மாத்தாதீங்க. அது அப்பா மிதிச்சது."

காற்று எடுத்தபோது

டிஸ்க்கைப் பொருத்தினோம். காலிப்பரைத் தாங்க இசக்கி கனமான தகட்டில் பிராக்கெட் வெட்டினான். டிஸ்க் கோணாமல் சுழல்கிறதா என்று முள் ஓடும் கருவியை வைத்துப் பார்த்தேன். மிச்சம் இருந்தது, குழாய்களில் இருந்து காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே படுத்து, குழாய் முனையில் உள்ள நிப்பிள் திருகைத் திறந்தால் எண்ணெயோடு குமிழி வெளியே வரும். மிதியில் கால் இருந்தால்தான் எண்ணெய் பீறிடும்.

நான் மிதியில், இசக்கி கீழே. நடுவில் கேட்டருகே கூரியர்காரர் கூப்பிட்டார். "பொறு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். பக்கத்து லேத் சத்தத்தில் அது இசக்கிக்குக் கேட்கவில்லை. பார்சலோடு திரும்பி வரும்போது அவன் முகத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. "நல்லாப் புடிச்சீங்கண்ணே, கண்ணுலயே அடிச்சிட்டு" என்று சிரித்தபடி சக்கரத்துக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினான். கேட்டில் இருந்து நடந்து வரும் என்னைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"நீங்க அங்கன நின்னீங்கன்னா, இங்கன மிதியப் புடிச்சிருந்தது யாருண்ணே?"

குருசடி

துறைமுகச் சாலையில் உள்ள என் பட்டறையில் இருந்து கிளம்பினால், ஊரைத் தாண்டி, உப்பளங்களைத் தாண்டி, தருவைகுளத்துக் கரை வருகிறது. சரிவுக்குத் திரும்பும் முனையில் ஒரு குருசடி. ஒரு சிலுவை, அதன்மேல் சிறு கூரை, எரிந்து தீர்ந்த மெழுகுத் திரிகள். உச்சி வெயிலில் சோதனை ஓட்டம் போனேன். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. குருசடிக்கு நேராக வந்ததும் வண்டி தானாகக் கனத்தது. நான் மிதியைத் தொடவில்லை. இரண்டு முறை உறுமிவிட்டு நின்றது. இறங்கித் தள்ளிப் பார்த்தேன். வேரோடியது போல நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு தானே உருண்டது.

மறுநாள் ரொசாலியை ஏற்றிக்கொண்டு போனேன். அதே இடம். அதே உறுமல். அவள் கதவைத் திறந்து இறங்கி, குருசடியின் முன்னால் போய் நின்றாள். தலையில் முக்காடு இழுத்துக்கொண்டாள். திரும்பி வந்து கதவைப் பிடித்தபடி சொன்னாள்.

"அவரு எப்பவும் இங்கன நிப்பாட்டி, ஒரு மெழுகுத்திரி கொளுத்திட்டுத்தான் கீழ எறங்குவாரு. அன்னைக்கு மட்டும் ஐஸ் உருகுதுன்னு நிக்காம போயிட்டாரு."

ஜெசி தொட்டாள்

இந்தச் செய்தியை அம்மா சொல்லி ஜெசி கேட்டுவிட்டாள். சனிக்கிழமை காலை பட்டறைக்கு வந்தவள் நேரே வண்டிக்குப் போனாள். முகப்பில் கை வைத்தாள். பிறகு ஏறி, ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வருஷமாக அதன் அருகே வராத பிள்ளை. ரொசாலி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ முந்தின நாள் வாடைதான் நினைவுக்கு வந்தது. குருசடியில் நின்றபோது முன் சக்கரங்களில் இருந்து கருகல் வாடை வந்திருந்தது. தானாகப் பிடிக்கிற பிரேக் ஒரு நாள் தீப்பிடிக்கும். பிள்ளையை வண்டியில் ஏற வைத்தது எதுவோ, அதைத்தான் நான் கழற்றி எறிய வேண்டும்.

"விக்க வேண்டாம்மா. அங்கன போகாதன்னு அப்பா நிப்பாட்டுதாருல்லா."

ஆத்தூர்

காரணம் இரும்பில் இருக்கிறதா, இடத்தில் இருக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வேறு திசையில் ஓட்டிப் பார்ப்பது. தெற்கே ஆத்தூர் ஏறக்குறைய அதே தூரம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இசக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். வழி நெடுக அவன் கழுத்தில் இருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக வண்டி கனத்து, உறுமி, நின்றது. கருகல் வாடை வந்தது. இசக்கி நீளமாக மூச்சு விட்டான். அந்தப் பயலுக்கு உயிர் வந்த மாதிரி ஒரு சிரிப்பு.

"நல்லவேளைண்ணே. மிக்கேலுக்கு ஆத்தூர்ல என்ன சோலி?"

புளியங்கொட்டை அளவு

பழைய சிலிண்டரின் கடைசியில் புளியங்கொட்டை அளவில் ஒரு வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு அது வேண்டும், டிஸ்க்குக்கு ஆகாது. டிரம் வேலைக்குப் பழகிய கை, சிலிண்டரைக் கழுவும்போது அதை எடுக்க நினைக்கவே நினைக்காது. இதிலோ கடல் உப்பு தின்று வால்வு இறுகியும் போயிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே போன எண்ணெய் முழுதாகத் திரும்பவில்லை. டிஸ்க்கைக் கவ்வும் பேடு உரசி, சூடாகி, ஒரு தூரத்துக்கு மேல் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது; ஆறியதும் விட்டது. காற்று எடுத்தபோது இசக்கியின் கண்ணில் அடித்ததும் அந்த அழுத்தம்தான்.

இதை எல்லாம் ஜெசிக்குச் சொன்னேன். வேறு ஒருவர் வாயால் பின்னாளில் தெரிவதைவிட இது மேல் என்று பட்டது. பின் சக்கரக் குழாயில் டிரம்முக்குத் தனி வால்வும், முன்னால் டிஸ்க்குக்கு ஏற்ற மெல்லிய வால்வும் போடப் போகிறேன், மிதி அப்படியே இருக்கும் என்றேன். பழைய வால்வை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையிலேயே திரும்ப வைத்தாள்.

"அப்போ இனிமே நாம மிதிச்சாத்தான் நிக்குமா மாமா?"

சரிவு

கடைசி ஓட்டத்துக்கு ரொசாலி, ஜெசி, நான் மூன்று பேரும் போனோம். ஜெசி நடுவில். சூசை பைக்கில் பின்னால் வந்தார். குருசடி வந்தது, என் கால் மிதிக்கு மேலே இல்லை, வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன். வண்டி சொன்னபடி கேட்டு, வேகம் குறையாமல் அதைத் தாண்டிப் போனது. ஜெசி திரும்பி, அது பின்னால் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சரிவின் தலைப்பில் இருவரையும் இறக்கிவிட்டு, மிக்கேல் செய்தது போலப் பின்பக்கமாக இறக்கினேன். பின் சக்கரங்கள் மூழ்கின. தேய்ந்த அந்த மிதியை மிதித்தேன். கல்லைப் போல நின்றது. அலை வந்து தொட்டியில் மோதியது, வண்டி நகரவில்லை. மேலே ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சூசை தனியாக என்னிடம் வந்து, "குருசடிகிட்ட வரும்போது பின்னால செவப்பு வெளக்கு எரிஞ்சிச்சு அண்ணாச்சி. நின்னு கும்பிடப் போறீகன்னுல்லா நெனச்சேன், ஏன் நிக்காம வந்திட்டிய?" என்று கேட்டார். அந்த வண்டியில் பிரேக் விளக்கு எரிய வேண்டுமானால் குழாயில் அழுத்தம் ஏற வேண்டும். அழுத்தம் ஏற வேண்டுமானால் மிதியில் ஒரு கால் இருக்க வேண்டும். அங்கேயே படுத்து சுவிட்சையும் ஒயரையும் சோதித்தேன். எதிலும் குறை இல்லை. முன் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. இதை நான் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன், ஜெசியிடம் சொல்லவில்லை.

ரொசாலி குனிந்து, வைத்துக்கொள்வோமா விற்போமா என்று மகளைக் கேட்டாள். ஜெசி குருசடிப் பக்கம் பார்த்து, "அங்கன நிக்கலல்லாம்மா" என்றாள். எந்தக் குறையும் இல்லாமல் என் பட்டறையை விட்டு வெளியே போன அந்த ஒரே பழைய வண்டியை விற்றுவிடலாம் என்று ஜெசி சொன்னாள்.