நடுப்பகல் அளவு

மட்டாஞ்சேரிப் படகுத்துறைப் பக்கம் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். கடலோடு சேர்ந்து தினமும் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சரக்கு வள்ளம் வைத்திருந்த தாவூது ராவுத்தரின் மகன் சிகாபுதீனுக்கு, நடை பழகியபோதே இது தெரியும். துறைப்படியில் பாசி எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்தே, மிளகு மூட்டை ஏற்றிய வள்ளம் இப்போது கிளம்பலாமா, காத்திருக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவான். இறக்கமா, சும்மா உட்கார். ஏற்றமா, கயிற்றை அவிழ். அந்த வீட்டின் சட்டம் அவ்வளவுதான். இப்படி நன்றாகத் தெரிந்த ஒன்றுதான் பிற்பாடு அவனைக் குப்புறத் தள்ளியது.

எழுபத்து நாலில் அவனுக்குச் சர்க்கார் வேலை கிடைத்தது. வேலை நெல்லியாம்பதி மலையில். கூனம்பாறை ஓடை என்று ஒன்று, அதன் நடுவே எண் எழுதிய இரும்புப் பலகை ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் போய், தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு, அது இரண்டு குச்சிகளுக்கு நடுவே எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து, ஓட்டத்தையும் குறிக்க வேண்டும். மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர், கோடையில் எவ்வளவு என்று இலாகாவுக்குத் தெரிய வேண்டுமாம்.

தாவூதுக்கு வந்ததே கோபம். தண்ணீரில் வள்ளம் ஓட்டலாம், மீன் பிடிக்கலாம், குளிக்கலாம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு சம்பளமா என்று துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். சாயாக்கடையில் இருந்தவர்கள் விடுவார்களா? "என்னடா சிகாபு, தண்ணி ஓடிப் போயிடாம காவலா?" என்று அவன் பஸ் ஏறுகிற வரைக்கும் ஓட்டித் தள்ளினார்கள்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. பிடிவாதம் அப்பனிடமிருந்து வந்ததுதானே. இதே வேலையில் வேறு ஓடைகளில் இருந்த சில மகானுபாவர்கள் மழை என்றால் சாயாக்கடையை விட்டு நகராமல், நேற்றைய எண்ணோடு கொஞ்சம் கூட்டி எழுதி வைப்பார்கள். சிகாபுதீன் அப்படி ஒருநாள் கூட எழுதியதில்லை. ஆடி மழையில் ஓடை பாறையை உருட்டிக்கொண்டு வரும்போது, இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை மரத்தில் கட்டிவிட்டு இறங்குவான். காலில் அட்டை தொங்கும். பலகையை முழங்கையால் துடைத்துப் படித்துவிட்டுத்தான் கரையேறுவான். தன் புத்தகத்தில் ஒரு நாள் கூட விடுபடவில்லை என்பதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம். இருக்கட்டுமே, உழைத்தவனுக்குத்தானே அது வரும்.

எண்பத்தொன்றில் ஓடைக்கு மேலே இருந்த காப்பி எஸ்டேட்டுக்கு டீசல் மோட்டார் வந்தது. கோடையில் காப்பிச் செடிக்குத் தண்ணீர் தெளிக்க. அந்தக் கோடையில் ஒருநாள் உச்சி வேளையில் குளிக்கப் போன சிகாபுதீன், ஓடை கணுக்காலுக்குக் கீழே கிடப்பதைப் பார்த்தான். எந்த மலைக்காரனும் அந்த இடத்தில் திடுக்கிட்டிருப்பான். நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? இறக்கம் என்று நினைத்துக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டு மர நிழலில் உட்கார்ந்துவிட்டான்! சாயங்காலம் போனால் தண்ணீர் ஏறியிருந்தது. பார்த்தாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அவன் ஊரில் தண்ணீர் தினமும் செய்கிற காரியம்தானே.

பலகைக்குக் கீழே, ஓடைக் கரையில், எஸ்டேட் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் லயன் வீடுகள், வரிசையாக நாற்பது. குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு இந்த ஓடைதான். அங்கே மூக்கம்மாள் என்று ஒருத்தி, வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவள். பகலில் குடம் முங்க மாட்டேன் என்கிறதே தம்பி என்று இரண்டு கோடையாக அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவனும் கடற்கரைப் பெரிய மனிதன் தோரணையில், கவலைப்படாதே அக்கா, ஐந்து மணிக்கு ஏறிவிடும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான்.

எண்பத்து மூன்று வந்தது. அந்த வருஷக் கோடையைக் கேரளத்தில் யாரும் மறக்க மாட்டார்கள், கிணறெல்லாம் வாய் பிளந்து கிடந்த வருஷம். மார்ச் மாதத்தில் எஞ்சினியர் வைத்தீஸ்வரன் ஜீப்பில் வந்தார். எஸ்டேட்காரர்கள் இரண்டாவது மோட்டாருக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள், உங்கள் கணக்கைப் பார்த்தால் இந்த வறட்சியிலும் ஓடையில் தண்ணீர் தாராளமாக இருக்கிறது, மாதக் கடைசியில் சம்மதம் என்று எழுதி பைலை அனுப்பப் போகிறேன் என்றார். ஒரு நாள் கூட விடாமல் எழுதியிருக்கிறீர்களே என்று தட்டியும் கொடுத்தார். சிகாபுதீனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டுமே, நேரே மூக்கம்மாளிடம் போய்ச் சொன்னான்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு மோட்டாருக்கே எங்க குடம் நெறையல. ரெண்டாவது வந்தா நாங்க புள்ளைகளத் தூக்கிக்கிட்டு எங்க போறது? ஏத்தம் எறக்கம்னு சொல்றியே தம்பி, இந்த மலையில ஏது கடல்?"

அவனுக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொண்டு போகவும் முடியவில்லை. ஓடையில் ஒரு காய்ந்த இலை மிதந்து போனது. மட்டாஞ்சேரித் துறையில் ஏற்றத்தின்போது இலை உள்ளே வரும், இறக்கத்தின்போது வெளியே போகும். இங்கே அவன் பார்த்த இத்தனை வருஷத்தில் எந்த இலையும் திரும்பி வந்ததில்லை. எழுந்து ஓடையோடு மேலே நடந்தான். அணை கட்டிய மடுவில் குழாயை விட்டு மோட்டார் உறிஞ்சிக்கொண்டிருந்தது. காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பிவிட்டு எட்டரைக்கு ஓட்டுவோம், மூன்றுக்கு நிறுத்துவோம் என்றான் மோட்டார்க்காரன், வெள்ளந்தியாக. எட்டுக்கும் ஐந்துக்கும் நடுவே! சிகாபுதீன் எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி. ஆனால் ஓடை வற்றிக் கிடந்த நேரம் அதில் ஒன்றில் கூட இல்லை. பாறையில் உட்கார்ந்து தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

மறுநாளே பஸ் பிடித்துப் போய் வைத்தீஸ்வரனிடம் எல்லாவற்றையும் கொட்டினான். இரண்டு கோடை நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். அதுவரை தற்காலிகமாகவே இருந்த வேலை நிரந்தரமாவது இதனால் தள்ளிப்போகும் என்று தெரிந்துதான் போட்டான். எஞ்சினியர் நல்ல மனிதர், திட்டவில்லை. ஆனால் பைலில் ஏறிய எண்ணை வாய்ச்சொல்லால் அழிக்க முடியாது என்றார்.

"நடுப்பகல் அளவு வேணும் சிகாபுதீன். மணிக்கு மணி நின்னு எடுங்கோ. மாசக் கடைசிக்குள்ள கொண்டு வந்தா நிறுத்திடறேன். வரலேன்னா இருக்கிற கணக்கு வெச்சுத்தான் அனுப்பணும்."

அவன் திரும்பி வந்து பலகைக்கு எதிரே குடையோடு உட்கார்ந்த அன்றே மோட்டார் நின்றுவிட்டது. செய்தி எப்படி எஸ்டேட்டுக்குப் போனதோ, படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். உச்சி வேளையிலும் ஓடை சலசலவென்று ஓடியது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்து, சாயா வாங்கிக் கொடுத்து, இன்னும் எத்தனை நாள் இந்த வெயிலில் காயப் போகிறீர்கள் சேட்டா என்று விசாரித்தார். சிகாபுதீன் சாயாவைக் குடித்துவிட்டு, தண்ணீர் இறங்குகிற வரைக்கும் என்றான்.

சும்மா சொல்லவில்லை. வள்ளக்கார வீட்டுப் பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரியாதா? மலைமேல் காப்பி மொட்டு கட்டி நிற்கிறது, தண்ணீர் கிடைக்காவிட்டால் அத்தனையும் கருகிப் போகும், அதை எஸ்டேட் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? நீ நிறுத்து, நான் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தான். லீவுக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தவன் வரவில்லை என்று சொல்லி அனுப்பினான். அவன் மனைவி ஆரிஃபா கோபித்துக்கொள்வாள் என்று பயந்தான். அவளோ கருவாடும் மாங்காய் ஊறுகாயும் கட்டி, வேலையை முடித்துவிட்டே வாருங்கள் என்று பஸ்ஸில் வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தாள். மணிக்கு மணி படித்தான், மிதவையை விட்டான், எழுதினான். எல்லாம் தாராளத் தண்ணீர். வெயிலில் முதுகு தோல் உரிந்தது. மூக்கம்மாள் தன் வீட்டுக் கஞ்சியில் அவனுக்கும் ஒரு பங்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மாதம் முடியப் போகிற சமயம். காலை அளவை எழுதிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், மேலேயிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. எஸ்டேட்டால் பொறுக்க முடியவில்லை. சிகாபுதீன் பிஸ்மி சொல்லி ஓடையில் இறங்கினான். ஒவ்வொரு மணிக்கும் தண்ணீர் ஓர் எண் இறங்கிக்கொண்டே வந்தது. உச்சி வேளையில் பலகையின் கடைசி எண்ணையும் விட்டுவிட்டது. மிதவையை விட்டான். அது விட்ட இடத்திலேயே நின்றது. விரலால் தள்ளிப் பார்த்தான், கொஞ்சம் ஆடிவிட்டு மறுபடி நின்றது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. துடைத்துக்கொண்டு, அந்த மணிக்கு நேரே 'ஓட்டம் இல்லை' என்று எழுதினான். மோட்டார் மூன்று மணிக்கு நிற்கும்வரை ஒவ்வொரு மணிக்கும் அதையே எழுதினான். அன்று சாயங்காலமே பஸ் ஏறினான்.

வைத்தீஸ்வரன் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டாவது மோட்டாருக்கு அனுமதி கிடைக்கவில்லை. முதல் மோட்டாரும், லயன் வீட்டுக்கு வேண்டிய தண்ணீரைக் கீழே விட்ட பிறகே ஓட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சிகாபுதீனின் வேலை நிரந்தரமாக மேலும் இரண்டு வருஷம் ஆனது. இதைச் சொல்லிக்காட்டாத ஆள் மட்டாஞ்சேரியில் கிடையாது.

உத்தரவு வந்த அன்று உச்சி வேளையில் அவன் பலகைக்குப் போனான். மூக்கம்மாள் குடத்தை முக்கினாள், அது கழுத்துவரை முங்கி நிறைந்தது. அவள் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த பெருநாளுக்கு ஊருக்கு வந்தவனைச் சாயாக்கடையில் பழைய கூட்டம் சும்மா விடவில்லை. என்ன சிகாபு, தண்ணியைப் பார்த்துப் பார்த்து என்னத்தைக் கண்டே என்று ஆரம்பித்தார்கள். அவன் வாய் திறக்கும் முன்பே, கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த தாவூது நிமிர்ந்தார்.

"என் மகன் தண்ணி இல்லேன்னு எழுதினான். அதனாலதான் அங்க நாப்பது வீட்டுல இன்னிக்குத் தண்ணி இருக்கு. உங்கள்ல எவனாவது ஒரு குடம் நெறைச்சுக் குடுத்திருக்கீங்களாடா?"