ஷாமிலி என்ற பெயரில் நான்

என் தங்கையின் மகளுடைய பெயரை நான் திருடினேன். அவளுடைய முகத்தையும் திருடினேன். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

செய்தது யாரோ வெளியாள் என்றுதான் எங்கள் குடும்பம் இன்றுவரை நம்புகிறது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... ஏன் உங்களிடம்? நாளைக்கு நான் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை, அதனால்தான்!

கண்டி நகரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ பிரதி எடுப்பேன், போனுக்கு ரீலோட் போடுவேன், இணையம் தெரியாதவர்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பேன். வீடு அம்பிட்டியவில். தங்கை சுதா இருப்பது வத்தேகமவில். என் மகள் கீர்த்தனாவும் சுதாவின் மகள் ஷாமிலியும் நகரத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு.

ஷாமிலி மேடையில் ஏறினால் மண்டபம் அடங்கிப்போகும். அப்படி ஒரு பேச்சு! என் கீர்த்தனாவும் பேசுவாள். எல்லாப் போட்டியிலும் இரண்டாம் இடம். ஷாமிலி இருக்கும்வரை இரண்டாம் இடம்.

படிக்கிற காலத்தில் சுதாவின் வீட்டுப்பாடத்தைச் செய்துகொடுத்தவள் நான். கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் நான். இப்போதோ, கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "நீங்க ஷாமிலியோட பெரியம்மாதானே?" என்கிறார்கள். கீர்த்தனாவின் அம்மாதானே என்று ஒருவராவது கேட்டதுண்டா? அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில் மிளகாயை அரைத்தது. சிரித்துக்கொண்டே "ஆமா" என்பேன்.

சுதா எதையும் ஒளிக்கத் தெரியாதவள். பிள்ளை சீருடையில் நிற்கும் படம், பிறந்தநாள் கேக் வெட்டும் படம், கிண்ணம் வாங்கும் படம், எல்லாம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழும். மாகாணப் போட்டிக்கு ஷாமிலியைத் தெரிவுசெய்தார்கள். அந்தப் படமும் வந்தது. கீழே எல்லோரும் பூ அனுப்பியிருந்தார்கள். நானும் அனுப்பினேன்.

படம் வந்த அந்த ஞாயிறு பிற்பகலே முகநூலில் ஷாமிலியின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தேன். அவள் படம், அவள் பிறந்த தேதி, அவள் பள்ளிக்கூடம். வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சேர்த்தேன். பிறகு, பேச்சுப் பழக்கும் ஆசிரியையைக் கேலிசெய்து இரண்டே வரிகள் எழுதினேன்.

அவ்வளவுதான்... இரண்டே வரிகள்!

அந்த வரிகள் ஆசிரியையின் கண்ணில் பட்டன. "சத்தியமா நான் எழுதல டீச்சர்" என்று பிள்ளை அழுதிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. மாகாணப் போட்டிக்கு அவளுக்குப் பதில் கீர்த்தனா போனாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் வெல்லவில்லை. ஆனாலும் அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் அவள் நின்றாளே! அந்த நேரத்தில் எனக்குக் குற்றவுணர்ச்சி இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை. இனித்தது.

அந்தக் கணக்கை நான் மூடவில்லை. ஏன் மூடவில்லை? அவள் மறுபடி தலைதூக்கினால் தேவைப்படும் என்று வைத்திருந்தேன்... இப்படியும் ஒரு பெரியம்மா!

அந்தக் கணக்கில் நட்பாகச் சேர்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு ஆள் செய்திகள் அனுப்பத் தொடங்கியிருந்தான். எந்த பஸ்ஸில் வருகிறாய், எத்தனை மணிக்கு வருகிறாய் என்று. நான் பதில் எழுதவில்லை. எழுதவில்லை என்று பல நாள் என்னையே தேற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரை அங்கே எழுதிவைத்தவள் நான்தானே?

ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு, வத்தேகம பஸ் நிற்கும் இடத்தில் அவன் ஷாமிலியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். "பேஸ்புக்ல நாம பிரெண்ட்தானே" என்று கையைப் பிடித்திருக்கிறான். பிள்ளை உதறிக்கொண்டு பக்கத்துப் பழக்கடைக்குள் ஓடி ஒளிந்தாள். கடைக்காரர் சத்தம் போட, அவன் கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

மறுநாள் காலை சுதா என் கடைக்கு வந்தாள். தலைகூடச் சீவவில்லை.

"அக்கா, கையும் ஓடல, காலும் ஓடல. புள்ள ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறா. உங்களுக்குத்தானே இதெல்லாம் வெளங்கும்... என்ன செய்யணும்?"

எனக்குத் தெரியும். முதலில் அந்தக் கணக்கையும் வந்த செய்திகளையும் படமெடுத்து வைக்க வேண்டும். அதன் இணைய முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகே போலிக் கணக்கு என்று முகநூலுக்கு அறிவிக்க வேண்டும். பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும், பள்ளிக்கூடத்துக்கும் சொல்ல வேண்டும். கடைக்கு வரும் எத்தனையோ தாய்மாருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்!

சுதாவைக் கதிரையில் உட்காரவைத்து, "இரு, டீ வாங்கிட்டு வாறேன்" என்று வெளியே போனேன். தேநீர்க் கடை வாசலில் நின்று, என் போனில் அந்தக் கணக்கை அழித்தேன். அவன் எழுதியதெல்லாம் அதோடு போயிற்று. அவன் படமும் போயிற்று. திரும்பி வந்து தங்கையின் கையில் டீயைக் கொடுத்து, "தேடிப் பார்த்தேன், இப்ப அந்த அக்கவுண்ட் இல்ல சுதா" என்றேன்.

பொலிஸ் நிலையத்துக்கு நானும் துணைக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி அரைகுறைத் தமிழில் பொறுமையாகப் பேசினார்.

"பேஸ்புக் கம்பெனிக்கு எழுதிக் கேக்கலாம். ஆனா அந்த அக்கவுண்ட்டோட லிங்க்கூட இல்லையே? அந்த ஆளோட மெசேஜ் இருந்தா லேசா புடிக்கலாம். ஏன் ஒண்ணும் எடுத்து வைக்கல?"

சுதா தலையைக் குனிந்தாள். "பிழை என் மேலதான் மிஸ். கண்ட கண்ட எடத்துல புள்ளைட போட்டோ போட்டேன்."

நான் பக்கத்தில் இருந்தேன்.

முறைப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியை வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். சில வாரங்களில் ஷாமிலி பள்ளிக்கூடம் போனாள். பிறகு ஒரு நாள், பெற்றோர் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். தன் பெயர் திருடப்பட்ட கதையைச் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மறுபடி எழுந்தது. "வெளிய சொல்ல வெக்கப்படாதீங்க. என் பெரியம்மா மாதிரி ஒருத்தர்கிட்ட உடனே சொல்லுங்க" என்று என்னைக் கைகாட்டினாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டினார்கள்!

அந்தக் கணத்தில் நான் கூனிக்குறுகிப் போனேன் என்று நினைப்பீர்கள். அதைத்தான் நானும் எழுத விரும்பினேன். ஆனால் பொய் சொல்ல இதை எழுதவில்லை. என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள்... என் பிள்ளைக்கு இது வராதே...' அதே எரிச்சல்! கொஞ்சமும் குறையாமல்!

அவன் இன்னும் பிடிபடவில்லை. அதனால் சுதா தினமும் வத்தேகமவிலிருந்து பஸ் ஏறி வந்து, மகளைக் கையோடு கூட்டிப் போகிறாள். பள்ளி விடும்வரை என் கடையில்தான் காத்திருப்பாள். வாசல் வழியாக எந்த ஆண் கடந்துபோனாலும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள்.

"இவனா இருக்குமோ அக்கா?" என்று கேட்கிறாள்.

நானும் எட்டிப் பார்க்கிறேன். அவன் முகத்தைப் படத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். "இல்ல சுதா" என்று சொல்ல வாய் வருகிறது... சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாளே!

"தெரியலையே" என்கிறேன்.