பர்மனன்ட் வேண்டுதல்

காலை ஆறரை மணிக்கு அம்மையார்குப்பத்தில் திருத்தணி பஸ் ஏறினோம், நானும் என் மகள் கோமதியும். எனக்கு டிக்கெட் பதினாறு ரூபாய், பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர்.

“இன்னாம்மா, கம்பெனி லீவா?”

“ஆங்ணா, லீவு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வேலை செய்த வெளிநாட்டு செல்போன் கம்பெனி போன மாதமே மூடிவிட்டது. எந்த நாட்டு முதலாளியும் வரலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்தபோது வந்தவர்கள். வரிச் சலுகை முடிந்ததும், கூலி இன்னும் குறைவு என்று வியட்நாமுக்கு மெஷினோடு போய்விட்டார்கள். ஊரில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. அவள் சம்பளத்தை நம்பித்தான் பள்ளிப்பட்டில் ஒரு வீட்டார் அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். வேலை பர்மனன்ட் ஆனால் திருத்தணி மலையில் மொட்டை போடுவதாக அவள் வேண்டிக்கொண்டது மட்டும் ஊருக்கே தெரியும்.

எட்டு மணிக்கு மலையடிவாரம். நாற்பது ரூபாய்க்கு ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். பூமுடி என்று கொஞ்சம் முடி மட்டும் கொடுத்தால் போதும், மிச்சத்தில் பூ வைக்கலாம் என்று நினைத்தேன். படியேறும்போது மெதுவாகச் சொன்னேன்.

“பர்மனன்ட் ஆவலையேம்மா. பூமுடி போதும்.”

“மூணு வருசம் நம்ம வூட்ல அடுப்பு எரிஞ்சுதே நைனா. அதுக்கு?”

நான் மல்லிகையைப் பைக்குள் வைத்தேன்.

முடி எடுக்கும் இடத்தில் நாவிதர் அவள் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“நல்ல நீளம். ஏலத்துல எடுத்து கப்பல்ல அனுப்புவாங்க.”

“எந்த ஊருக்குண்ணா?”

“சீனாங்கறாங்க, வியட்நாமுங்கறாங்க. நாம இன்னாத்த கண்டோம்?”

கோமதி குனிந்தபடியே சிரித்தாள். “அப்போ என் முடிக்காவது அங்க வேலை கெடைக்கும்.”

நாவிதரும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

தரிசனம் முடித்து, பகல் ஒரு மணிக்குக் கீழே வந்தால் அதே பஸ். சந்தனம் பூசிய தலையைப் பார்த்ததும் கண்டக்டர் கத்தினார்.

“பர்மனன்ட் பண்ட்டாங்களா! கம்பெனி லீவுன்னு மட்டும் சொல்லி மறைச்சிட்டியே! ஸ்வீட்டு எங்கம்மா?”

பஸ்ஸில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘ஆங்’ என்று ஒரு சொல் சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“இல்லண்ணா. கம்பெனிய மூடிட்டாங்க” என்றாள் கோமதி.

கண்டக்டர் எனக்கு டிக்கெட் கிழிக்க மறந்து முன்னால் போய்விட்டார். மலை பின்னால் நகர்ந்தது. கோமதி என் பையிலிருந்து மல்லிகையை எடுத்து முன் சீட்டுப் பெண்ணிடம் நீட்டினாள்.

“வச்சிக்கோங்கக்கா. வாடிப் போவுது.”

அந்த அம்மா வாங்கிக்கொண்டார். ஆனால் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.