கண்ணாடிப் படகில் எடுத்த படம்

அந்தப் படத்தில் ஒருவரைத் தவிர வேறு யாருடைய முகமும் தெரியாது. பதினான்கு பேர் படகின் இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்து, நடுவில் பதித்திருக்கும் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தெரிவதெல்லாம் வகிடுகளும் வழுக்கைகளும் என் கணவரின் பேஸ்பால் தொப்பியும்தான். நிமிர்ந்து உட்கார்ந்து காமிராவைப் பார்த்துச் சிரிப்பவர் எங்கள் கம்பெனியின் மேனேஜர். எட்டு வயதான என் மகள் கண்ணாடிமேல் கவிழ்ந்துவிடாமல், அவள் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். பன்னிரண்டு வருடமாக அந்தப் படம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஒருநாள் அவரை மட்டும் வெட்டி எறிந்துவிடலாம் என்று கத்தரிக்கோலோடு நின்றேன். வெட்டினால் மகளின் முதுகும் சேர்ந்து போகும். அப்படியே மாட்டிவிட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, அமெரிக்காவில், டெக்சஸின் இர்விங்கில் எங்களுக்கு முதல் சோறு போட்டவர் அவர்தான். இரண்டு பெட்டியும் தூங்கி வழியும் குழந்தையுமாக விமான நிலையத்தில் இறங்கியபோது, வேனை எடுத்துக்கொண்டு அவரே வந்திருந்தார். அண்ணி கொடுத்துவிட்ட ரசம் சாதம் பாத்திரத்தில் இன்னும் சூடாக இருந்தது. அபார்ட்மென்ட் பார்த்துத் தந்தார், குக்கர் தந்தார், என் கணவருக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டச் சொல்லித் தந்தார். மகளுக்குக் காய்ச்சல் நூற்றி நாலைத் தொட்ட அன்று, ஆஸ்பத்திரியில் எங்களோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அது நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரேயடியாக வெறுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

வருடத்துக்கு ஒருமுறை டீமில் இருக்கும் எல்லாக் குடும்பங்களையும் எங்காவது அழைத்துப் போவது அவர் வழக்கம். நாங்கள் வந்த இரண்டாம் வருடம், ஆஸ்டினைத் தாண்டி இருக்கும் நீரூற்றுப் பூங்காவுக்குப் போனோம். நாலு மணி நேர டிரைவ். பின் சீட்டில் அண்ணி கட்டிய புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். படகை ஓட்டியது ஒரு கல்லூரிப் பெண். ஏரியின் அடியிலிருந்து எங்கெல்லாம் தண்ணீர் பீறிட்டு வருகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். அடியில் வெள்ளை மணல் உலை கொதிப்பதைப் போலப் பொங்கிக்கொண்டே இருந்தது. “இட் மஸ்ட் பி ஸோ ஹாட்” என்றாள் மகள். இல்லை, குளிர்காலமோ கோடைக்காலமோ எப்போதும் ஒரே குளிர்ச்சிதான் என்றாள் அந்தப் பெண். ஓர் ஆமை கண்ணாடிக்கு நேர் கீழே வந்து, எங்கள் பதினான்கு தலைகளையும் அலட்சியமாகப் பார்த்துவிட்டுப் போயிற்று.

நான் அதையெல்லாம் பாதி மனதோடுதான் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் கம்பெனியில் அவளுக்கு க்ரீன் கார்டு மனு போட்டுவிட்டார்கள் என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தாள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை மிக நீளம். கம்பெனி மனு போட்ட தேதி எதுவோ, அதுதான் வரிசையில் நம் இடம். பிள்ளைகள் இருபத்தொரு வயதுவரைதான் நம்மோடு அந்த வரிசையில் நிற்கலாம். அதற்குள் கார்டு வராவிட்டால் அவர்கள் பெயர் விழுந்துவிடும். வேனில் ஏறியதிலிருந்து அவரிடம் எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். படகில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது.

“அண்ணா, நம்ம க்ரீன் கார்டு ஃபைல்…” என்று இழுத்தேன். முழுசாகக் கேட்டு முடிக்கக்கூட வாய் வரவில்லை.

“போட்டாச்சும்மா. உன்னோடதைத்தான் முதல்ல போட்டேன், பாப்பாவுக்காக. நீ மீனைப் பாரு” என்றார்.

நானும் மீனைப் பார்த்தேன். படகை ஓட்டிய பெண் அப்போதுதான் அவருடைய ஃபோனை வாங்கி அந்தப் படத்தை எடுத்தாள். அடுத்த வாரமே அவர் ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடுத்தார். எனக்குக் கொடுத்ததன் பின்னால் ‘நம்ம குடும்பம்’ என்று எழுதியிருந்தது.

இதில் சிரிப்பு என்னவென்றால், நான் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர். எவனாவது வந்து “முடிஞ்சிடுச்சு” என்றால் நம்பாமல், எங்கே காட்டு என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆபீசில் என்னைக் கண்டாலே பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவ்வளவு நச்சரிப்பேன். மனு போட்டால் அரசாங்கத்திலிருந்து ஒரு ரசீது வரும், அதன் காப்பியைக் கேட்டு வாங்கு என்று என் கணவர் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது அவர்மேல் பாய்ந்தேன். நம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய் பேப்பரைக் காட்டு என்று கேட்பதா, அவர் என்ன நினைப்பார், உங்களுக்கு நன்றி என்று ஒன்று இருக்கிறதா என்று கத்தினேன். கணவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு எந்த மேனேஜராக இருந்திருந்தாலும் மறுநாளே மெயில் போட்டிருப்பேன்.

விசாவை நீட்டிக்கும் நேரம் வந்தபோது வக்கீல் ஆபீசிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. அதில் மனு போட்ட தேதி இருந்தது. படகில் போன நாளுக்கு மூன்று வருடம் கழித்து. விசா நீட்டிப்புக்கு எவ்வளவு தேவையோ, அந்தக் கடைசி நேரத்துக்குச் சற்று முன்னால்தான் அண்ணா போட்டிருந்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். படிக்கட்டில் ஏறும்போது என்னென்னவோ கேட்கவேண்டும் என்று இருந்தேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், மறைக்கக்கூட முயலவில்லை.

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா செய்வேன். போட்ட கையோட நீங்கல்லாம் வேற கம்பெனிக்கு ஓடிடறீங்க. அப்புறம் ப்ராஜெக்டை நான் யாரை வெச்சு நடத்தறது? மூணு வருஷம்தானே. அண்ணா இருக்கேன்ல, பாத்துக்கறேன். உக்காரு, காபி சாப்பிடறியா?”

நான் “சரிண்ணா” என்றேன். காபியும் குடித்தேன். என் அம்மா வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர்.

வரிசையில் என் இடம் உறுதியானதும் வேறு கம்பெனிக்குப் போனேன், அவர் சொன்ன மாதிரியேதான். அதற்கப்புறம் அவரை ஒரே ஒருமுறை கோவிலில் பார்த்தேன். கையில் பிரசாதத் தொன்னையோடு எதிரே வந்தவர், “என்னம்மா, அண்ணாவை மறந்துட்டியா? பாப்பா நெடுநெடுன்னு வளந்திருப்பாளே” என்றார். “அதெல்லாம் இல்லண்ணா, அண்ணி நல்லா இருக்காங்களா?” என்று என் வாய் தானாகப் பேசியது. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு வீடு வரும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன். “இதையெல்லாம் அங்கயே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார் கணவர். அவர் குத்திக்காட்டவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

எதிர்வீட்டுப் பெண்ணின் குடும்பத்துக்கு க்ரீன் கார்டு வந்து வருடங்கள் ஆகின்றன. அவர்கள் மகன் என் மகளோடு ஒரே பள்ளியில் படித்தவன். இப்போது ஆஸ்டினில் வேலை பார்க்கிறான். எங்கள் தேதிக்கு இன்னும் ஓரிரு வருடம் ஆகலாம் என்கிறார் வக்கீல். மகளுக்கு அடுத்த மாதம் இருபத்தொன்று. அவளுக்கும் ஆஸ்டினில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை என்று தெரிந்ததும் மிக மரியாதையாக ஒரு மெயில் அனுப்பிக் கழற்றிவிட்டார்கள். மாணவர் விசாவுக்கு மாறலாம், பிறகு வேலை விசாவுக்கான லாட்டரியில் பெயர் வருகிறதா என்று பார்க்கலாம் என்று வக்கீல் அடுக்கினார். “ஐ'ம் டன் வெயிட்டிங்மா” என்று சொல்லிவிட்டு டொராண்டோவில் மேல்படிப்புக்கு இடம் வாங்கிக்கொண்டாள். ஏழு வயதில் வந்த ஊரை விட்டு, ஒருவரையும் தெரியாத ஊருக்கு இரண்டு பெட்டியோடு போகிறாள்.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, “அந்த போட்ல இன்னொரு வாட்டி போலாமா?” என்று கேட்டாள். போனோம். அதே ஏரி, அதே கண்ணாடி, அடியில் அதே மணல் கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டியது வேறொரு கல்லூரிப் பெண். மகள் குனிந்தபடியே, “அந்த அங்கிள் என் ஷர்ட்டைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரே. ஹி வாஸ் ஸோ ஸ்வீட். நான் போறேன்னு அவர்கிட்ட சொன்னியா?” என்றாள்.

அவளுக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. குழந்தை மனதில் எதற்கு நஞ்சு என்றுதான் இத்தனை வருடம் இருந்தோம். அந்தப் படகிலேயே, தெரியாத மனிதர்களுக்கு நடுவில், தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். அழுவாள், அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அது தேவையாகவும் இருந்தது.

“ஒய் டிட்ன்ட் யூ ஜஸ்ட் ஆஸ்க் ஃபார் தி பேப்பர்?” என்றாள். கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அண்ணாகிட்ட போய் எப்படிம்மா கேக்கறது?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அம்மா, ஹி வாஸ் யுவர் பாஸ்.”

படகு கரைக்கு வந்தது. இறங்கும்போது அவள்தான் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

நேற்று அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்து, தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றேன். பன்னிரண்டு வருடமாக அந்தப் படத்தில் நான் பார்த்ததெல்லாம் அவருடைய சிரிப்பையும் அந்தக் கையையும்தான். நேற்றுத்தான் அவருக்கு அடுத்தாற்போல் குனிந்திருக்கும் என்னைப் பார்த்தேன். மகளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை, கையை நீட்டியிருந்தால் நானே அவளைப் பிடித்திருக்கலாம். அண்ணாதான் பிடித்திருக்கிறாரே என்று என் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடக்கின்றன.