வாப்பாமேல் உம்மா சொன்ன குற்றங்கள்

போர் முடிந்து, கம்யூனிஸ்ட் ஆட்சியில் சைகோனுக்குப் பெயர் மாறிய புதிதில் எங்கள் சந்தில் வாரந்தோறும் கூட்டம் நடக்கும். வீட்டுக்கு ஒருவர் எழுந்து, தெரிந்த யாராவது செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். பதுக்கல், சுரண்டல், சோம்பல் என்று அதற்கான வியட்நாமிய வார்த்தைகள் எல்லோர் வாயிலும் புரண்டன.

உம்மா எழுந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அவர் வாப்பாவைத் தவிர யார்மீதும் குற்றம் சொன்னதே இல்லை. வெல்லக்கட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்துத் தின்றார், அது பதுக்கல். மனைவியைக் கால் பிடித்துவிடச் சொன்னார், அது சுரண்டல். அந்த வெல்லத்தைச் சந்தையில் வரிசையில் நின்று வாங்கி வந்ததே உம்மாதான்! துணிக்கடையில் நின்று ஊரையே அதட்டிய வாப்பாவோ தலையைக் குனிந்துகொண்டு, திருந்திக்கொள்கிறேன் என்பார். கூட்டத்தலைவர் சிரிப்பை அடக்க இருமுவார்.

ஒருநாள் வீடு திரும்பும்போது கத்திவிட்டேன்.

"பக்கத்து வூட்டுக்காரி நம்ம அடுப்புக்கரியெ தெனமும் திருடுறா. அவளெச் சொல்ல ஒங்களுக்கு வாய் வராதா?"

"அவளெச் சொன்னா அவ வூட்டுக்கு விசாரிக்க ஆளு வரும்," என்றார் உம்மா. "ஒங்க வாப்பாவெச் சொன்னா, இவுஹதானே நம்ம வூட்டுக்கு வருவாஹ."

பின்னால் நடந்து வந்த வாப்பா உம்மாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வாரம் என்ன குத்தம்ண்டு இப்பவே சொல்லிடு புள்ளே. செஞ்சு வச்சிர்றேன்."